மூச்சு வாங்கும் கொரிய முதியவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாஸ் ஏஞ்சல்ஸில் நுரையீரல் மறுவாழ்வுப் பிரிவு ஒன்றில் சுவாச சிகிச்சையாளராக வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருபவர்களில் பலர் கொரியாடவுனைச் சேர்ந்த முதியவர்கள். இங்கே நர்ஸாகவும் வீட்டுப் பராமரிப்பிலும் வேலைக்குச் சேரும் நம் தமிழ்ப் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். மருந்தின் அளவை மாற்றுவதெல்லாம் அவரவர் மருத்துவர் சொன்னபடிதான் நடக்க வேண்டும்.

சிஓபிடி, சிஓபிடின்னு சொல்றாங்களே, அது ஆஸ்துமாதானே?

இல்லை. இரண்டிலும் மூச்சுக்குழாய் குறுகுகிறது, இளைப்பு வருகிறது. ஆனால் ஆஸ்துமாவில் அந்தக் குறுகல் பெரும்பாலும் வந்து வந்து போகும். சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் குழாயும் காற்றுப்பைகளும் நிரந்தரமாகக் கெட்டுவிடுகின்றன. மூச்சை முழுக்க வெளியே விட முடியாமல் காற்று உள்ளேயே தேங்கும். புதுக் காற்றுக்கு இடமில்லாததுதான் அந்தத் திணறல்.

ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனையில்தான் இது உறுதியாகும். குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், முதல் ஒரு நொடியில் ஊதும் காற்று மொத்தக் காற்றில் 70 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். வயதான கொரியர்கள் பலர் எந்த இளைப்பையும் ஆஸ்துமா என்றுதான் சொல்வார்கள். அதை அப்படியே கோப்பில் எழுதிவிடாதீர்கள்.

மூச்சுத்திணறல் எல்லாருக்கும் ஒண்ணுதானே? கொரியர்களுக்குன்னு தனியா என்ன இருக்கு?

நோய் ஒன்றுதான், அது வந்த வழிதான் வேறு. 1965-இல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு, 1970களிலும் 80களிலும்தான் கொரியர்கள் பெருமளவில் இங்கே வந்தார்கள். இன்று 70, 80 வயதில் இருப்பவர்கள் அந்தத் தலைமுறை. கொரியாவில் ஆண்களுக்கு ராணுவ சேவை கட்டாயம். அங்கே படைவீரர்களுக்கு சிகரெட் ரேஷனாகவே கிடைத்தது. 'ஹ்வாராங்' என்ற ராணுவ சிகரெட் 1949 முதல் 1981 வரை இருந்தது, மலிவு விலை சிகரெட் 2009 வரை தொடர்ந்தது. 1980-இல் கொரிய ஆண்களில் பத்தில் எட்டுப் பேர் புகைபிடித்தார்கள். இருபது வயதில் அரசாங்கமே கையில் கொடுத்த சிகரெட் அது. அதனால் "ஏன் தாத்தா பிடிச்சீங்க?" என்று கண்டிக்கும் குரலில் யாரும் கேட்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இங்கே வந்த பிறகு உழைப்பு. மளிகைக்கடை, மதுக்கடை, டிரை கிளீனிங், நெயில் சலூன் என்று கணவனும் மனைவியும் வாரம் ஆறு ஏழு நாள் நின்றார்கள். டிரை கிளீனிங் ரசாயனமும் நக அலங்கார ரசாயனமும் ஏற்கெனவே கெட்ட மூச்சுக்குழாயை இன்னும் உறுத்தும். கடையை மூடிவிட்டு மருத்துவரிடம் போக முடியாததால், நோய் தெரியவரும்போதே பாதி நுரையீரல் போயிருப்பதைப் பார்க்கிறோம்.

சிகரெட்டையே தொடாத பாட்டிக்கு எப்படி வந்தது?

கணவர் வீட்டுக்குள் விட்ட புகை ஒரு காரணம். கிராமத்தில் விறகடுப்பு, நகரத்தில் யொன்தான். யொன்தான் என்பது துளைகள் போட்ட உருளை வடிவ நிலக்கரிக் கட்டி. 1980கள் வரை நகர வீடுகளில் சமைக்கவும் தரைக்கடியில் சூடேற்றவும் அதுதான். கதவெல்லாம் அடைத்த குளிர்காலத்தில் அதை எடுத்துப்போட்டு மாற்றியது பெரும்பாலும் பெண்கள்.

இன்னொன்று காசநோய். போருக்குப் பிந்தைய கொரியாவில் அது மிகப் பரவலாக இருந்தது. குணமான பிறகும் தழும்பு விட்டுப் போகும், பல வருடம் கழித்து அடைப்பு வரலாம். பாட்டி இதைத் தானாகச் சொல்ல மாட்டார். காசநோய் வந்த குடும்பம் என்ற பேச்சு அந்தக் காலத்தில் கல்யாணத்தையே நிறுத்தும். தனியாக, மெதுவாகக் கேளுங்கள்.

"எப்படி இருக்கீங்க"ன்னா "பரவாயில்லை"ன்னு சொல்றாங்க. அப்படின்னா நல்லாத்தானே இருக்காங்க?

இந்தப் பக்கத்தை எழுத முக்கியக் காரணமே இந்தக் கேள்விதான். நாள்பட்ட திணறலை இவர்கள் சமாளிக்கும் முதல் வழி, மூச்சு வாங்கும் வேலையை நிறுத்திவிடுவது. கிரிஃபித் பார்க் மலைப்பாதையில் கொரிய மலையேற்றக் குழுக்களை எந்தக் காலையிலும் பார்க்கலாம். தாத்தா அந்தக் குழுவில் இருந்திருப்பார். "முழங்கால் வலி" என்று சொல்லி விலகுவார். அப்புறம் தேவாலயத்தில் மாடியில் நடக்கும் மதிய உணவுக்குப் போகமாட்டார். அப்புறம் விடியற்காலை ஐந்தரை மணிப் பிரார்த்தனையை விடுவார். காலை நேரம், குளிர்காற்று, சளி எல்லாம் சேர்ந்து இந்த நோயாளிக்கு அதுதான் நாளின் மோசமான பொழுது. கடைசியில் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் நாம் போய் மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்கிறோம். உட்கார்ந்திருக்கும்போது பரவாயில்லைதான்.

ஆகவே கேள்வியை மாற்றுங்கள். "போன வருஷம் செய்த எதையெல்லாம் இப்போது செய்வதில்லை?" "கடைக்கு நடந்து போனால் எத்தனை இடத்தில் நிற்பீர்கள்?" "குளித்து முடித்ததும் கொஞ்சம் படுக்க வேண்டியிருக்கிறதா?" பதில் வந்து கொட்டும். பிள்ளைகளுக்குச் சுமையாக இருக்கக் கூடாது என்று பொறுத்துப் பழகியவர்கள் இவர்கள். புகாராகச் சொல்ல வராதது, தகவலாகக் கேட்டால் வரும்.

நடமாட்டம் குறையக் குறைய கால் தசை வலுவிழக்கும். வலுவிழந்த தசைக்கு அதே வேலைக்கு அதிக மூச்சு வேண்டும். அடுத்த வருடம் வீட்டுக்குள் நடப்பதே மலையேற்றமாகிவிடும்.

திணறல் வரும்போது அவங்களாவே என்ன செஞ்சுக்கிறாங்க?

நிறையச் செய்கிறார்கள், அதில் பாதி நல்லதும்கூட. வேலையை நிறுத்தி உட்காருவது, வெந்நீர் அல்லது இஞ்சி டீயை மெல்லக் குடிப்பது, ஜன்னலைத் திறப்பது, ஜெபம் சொல்வது. சிலர் யாரும் சொல்லித்தராமலே உதட்டைக் குவித்து ஊதுகிறார்கள். இவற்றைத் திருத்தப் போகாதீர்கள். இருப்பதைப் பாராட்டிவிட்டு, அதன் மேல் கட்டுங்கள்.

உதடு குவித்து மூச்சு விடுவதை ஒழுங்காகச் சொல்லிக்கொடுங்கள். மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, விசிலடிப்பதுபோல் உதட்டைக் குவித்து நாலு எண்ணும்வரை மெதுவாக விட வேண்டும். கொரிய மொழியில் ஹனா, துல், செத், நெத் என்றால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவர்களோடு சேர்ந்து எண்ணிப்பாருங்கள், முகம் மலரும். முன்னால் சாய்ந்து முழங்கையைத் தொடையிலோ மேசையிலோ ஊன்றி உட்காருவதும் உதவும். மாடி ஏறும்போது மூச்சை விடுகிற நேரத்தில்தான் காலைத் தூக்க வேண்டும்.

வீட்டுக்குள் பலர் கவனிக்காத ஒன்று தரை. தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவது, தாழ்ந்த மேசையில் சாப்பிடுவது, தரையில் மெத்தை விரித்துப் படுத்துக் காலையில் மடித்து வைப்பது. குனிந்தால் வயிறு மேலே அழுத்தி, ஏற்கெனவே இடமில்லாத நுரையீரலை இன்னும் நெருக்கும். தரையிலிருந்து எழுவது அதைவிடப் பெரிய வேலை. காய் நறுக்க உயரமான மேசை ஒன்றும், உறுதியான கட்டிலும், குளியலறையில் ஒரு ஸ்டூலும் வாங்கிப் போட்டால் பலருக்குப் பெரிய நிம்மதி. கிம்ச்சியைக் கைவிடச் சொல்ல வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து போடச் சொல்லலாம்.

கையடக்க ஃபேன் முகத்துக்கு நேரா வச்சா நல்லதுன்னு படிச்சேன். பாட்டி அதைக் கண்டாலே பயப்படறாங்களே?

நீங்கள் படித்தது சரி. கன்னத்திலும் மூக்கைச் சுற்றியும் குளிர்ந்த காற்று பட்டால் திணறல் உணர்வு குறையும் என்று சோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஆக்சிஜன் அளவு ஏறாது, ஆனால் மூளைக்குப் போகும் தகவல் மாறும். செலவில்லாத நல்ல வழி.

பாட்டியின் பயத்துக்கும் காரணம் உண்டு. மூடிய அறையில் ஃபேன் போட்டுத் தூங்கினால் உயிர் போய்விடும் என்ற நம்பிக்கை கொரியாவில் ஆழமாக இருந்தது. 2006-இல் அங்கத்திய அரசு நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பே கோடைகால ஆபத்துப் பட்டியலில் அதைச் சேர்த்தது. அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. ஆனால் மூச்சுத் திணறும் ஒருவரிடம் வாதாடி ஜெயிக்க வேண்டிய இடம் இது இல்லை. பகலில், விழித்திருக்கும்போது, கதவைத் திறந்து வைத்து, ஐந்து நிமிடம் மட்டும், பாட்டியின் கையிலேயே ஃபேனைக் கொடுங்கள். காகித விசிறியால் விசிறிக்கொண்டாலும் பலன் உண்டு. அதை ஒருவரும் மறுப்பதில்லை.

பேரிக்காயும் தோராஜியும் போட்ட கஷாயம், கொரிய மூலிகை மருந்து எல்லாம் குடிக்கலாமா?

தோராஜி என்பது ஒரு பூச்செடியின் கிழங்கு. பேரிக்காயோடு வேகவைத்து வடித்த சாறு இருமலுக்கும் சளிக்கும் தலைமுறைகளாகக் குடிப்பது. தொண்டைக்கு இதம், சளி இளகும். சர்க்கரை நோய் இருந்தால் இனிப்பை மட்டும் கவனியுங்கள்.

மூலிகை மருத்துவர் கொதிக்கவைத்துப் பையில் அடைத்துத் தரும் ஹான்யாக் விஷயம் வேறு. இளைப்புக்கான கலவைகளில் மாஹ்வாங் (எஃபெட்ரா) என்ற செடி இருக்கலாம். அதில் உள்ள எஃபெட்ரின் மூச்சுக்குழாயை விரிக்கும், கூடவே இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். இன்ஹேலரோடு சேர்ந்தால் படபடப்பு இரட்டிப்பாகும். அமெரிக்காவில் 2004-இல் எஃபெட்ரா கலந்த உணவுச் சேர்க்கைப் பொருட்களைத் தடை செய்தார்கள், ஆனால் மரபு மருத்துவர்கள் தருவதை அந்தத் தடை தொடவில்லை. இன்னொன்று அதிமதுரம். அதிகமானால் உடலில் பொட்டாசியம் குறையும். ஸ்டீராய்டு மாத்திரையும் இன்ஹேலரும் அதே திசையில் இழுக்கும். ஜின்செங், வார்ஃபரின் என்ற ரத்தம் உறையாமை மருந்தோடு மோதலாம்.

"அதெல்லாம் நிறுத்துங்க" என்று சொன்னால் நிறுத்த மாட்டார்கள், மறைப்பார்கள். பையை அப்படியே கொண்டுவரச் சொல்லுங்கள். மூலிகை மருத்துவரிடமே மாஹ்வாங் இல்லாமல் தரக் கேட்கலாம்.

இன்ஹேலர் பழகிட்டா அப்புறம் விடவே முடியாதுன்னு பயப்படறாங்க. என்ன பதில் சொல்றது?

இந்தப் பயம் நம் ஊரிலும் அப்படியேதான் இருக்கிறது. இன்ஹேலர் போதைப் பழக்கம் ஆகாது. நோய் நிரந்தரம், அதனால்தான் மருந்தும் தினமும். குழப்பம் எங்கே வருகிறது என்றால், தினமும் எடுக்க வேண்டியது ஒன்று, திணறும்போது மட்டும் எடுக்க வேண்டியது வேறொன்று. இரண்டையும் "கஷ்டம் வந்தால் மட்டும்" என்று ஒதுக்கிவைக்கிறார்கள். குப்பியில் கொரிய மொழியில் "தினமும் காலை", "அவசரத்துக்கு" என்று ஒட்டிவிடுங்கள்.

அழுத்தும் வகை இன்ஹேலரை முதலில் மூச்சை நன்றாக வெளியே விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போது அழுத்தி, பத்து நொடி அடக்க வேண்டும். கை நடுங்கினால் ஸ்பேசர் என்ற இணைப்புக் குழாயைப் பொருத்திக்கொள்ளலாம். ஸ்டீராய்டு உள்ளதென்றால் வாய் கொப்பளிக்க வேண்டும். செய்துகாட்டச் சொல்லிப் பாருங்கள், வாயால் "தெரியும்" என்பதை நம்பாதீர்கள். சில வீடுகளில் இன்ஹேலரைக் குறைவாக எடுத்து மிச்சம்பிடிப்பதற்கு விலைதான் காரணம். 2024-இலிருந்து மூன்று பெரிய இன்ஹேலர் நிறுவனங்கள் பலருக்கு மாதச் செலவை 35 டாலருக்குள் கட்டுப்படுத்தியிருக்கின்றன. மருந்துக்கடையில் தகுதி கேளுங்கள்.

ஆக்சிஜன் மெஷினோட தேவாலயத்துக்கு வரமாட்டேன்னு தாத்தா பிடிவாதம். எப்படிச் சம்மதிக்க வைக்கறது?

மூக்கில் குழாய் என்றால் "முடிவு நெருங்கிவிட்டது" என்று ஊரே பேசும் என்ற கூச்சம் அது. ஓய்வில் ரத்த ஆக்சிஜன் 88 சதவீதத்திலோ அதற்குக் கீழேயோ இருப்பவர்கள் நாளுக்கு 15 மணி நேரத்துக்கு மேல் ஆக்சிஜன் எடுத்தால் ஆயுள் கூடும் என்று 1980, 1981-இல் வந்த அமெரிக்க, பிரிட்டிஷ் ஆய்வுகள் காட்டின. அதாவது இது கடைசி நேரத்துக்கானது என்பதற்கு நேர்மாறு. போதகரிடமோ மூத்த சபை உறுப்பினர் ஒருவரிடமோ முன்கூட்டிப் பேசி, கடைசி வரிசையில் மின்சார இணைப்புக்குப் பக்கத்தில் ஓர் இடம் ஒதுக்கச் சொல்வதைச் செய்து பாருங்கள். நாம் பத்து முறை சொல்வதைவிட அது வேலை செய்கிறது.

திணறல் கூடினால் குடும்பத்தார் மெஷினைத் தாங்களாக ஏற்றுவார்கள். அது கூடாது. சிலருக்கு அதிக ஆக்சிஜன் கொடுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரும். பொதுவாக 88 முதல் 92 சதவீதம் போதும். அப்புறம் நெருப்பு. சாப்பாட்டு மேசை நடுவில் சின்ன பியூட்டேன் அடுப்பை வைத்து இறைச்சி சுடுவது கொரிய வீடுகளில் சகஜம். ஆக்சிஜன் குழாயோடு அந்த மேசையில் உட்காரவே கூடாது, புகையும் ஆகாது. மின்சாரத் தட்டுக்கு மாறி, அதையும் வேறு அறையில் ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

நெஞ்சு அடைக்குதுன்னு பாட்டி சொன்னா, மகன் "அது மனசு கஷ்டம்"ங்கறார். எதை நம்பறது?

இரண்டையும். ஹ்வாப்யோங் என்று கொரியர்கள் சொல்லும் ஒன்று உண்டு. பல வருடம் அடக்கிய கோபமும் துக்கமும் நெஞ்சில் சூடாகவும் அழுத்தமாகவும் மூச்சடைப்பாகவும் வருவது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 1994 கையேட்டிலேயே அதற்கு இடமுண்டு. நெஞ்சு அடைப்பையும் மனப் புழுக்கத்தையும் கொரிய மொழியில் ஒரே சொல்லால் சொல்வார்கள் என்பதால், மொழிபெயர்ப்பில் நோய் காணாமல் போகும்.

நடந்தால் கூடி, உட்கார்ந்தால் குறைந்தால் நுரையீரலையும் இதயத்தையும் முதலில் பாருங்கள். மனக்கஷ்டம் என்று முடிவுகட்டுவது கடைசியில்தான். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் அதிகம். பயம் மூச்சை வேகமாக்கும், வேகமான மூச்சு இன்னும் காற்றைத் தேக்கும்.

மகள் நல்லா இங்கிலீஷ் பேசறாங்க. மொழிபெயர்ப்பாளர் எதுக்கு?

மகள் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் மொழிபெயர்க்க வேண்டாம். பழைய காசநோயையும், கடையில் ஒளிந்து பிடிக்கும் சிகரெட்டையும் மகள் வாயிலாக எந்த அப்பாவும் சொல்ல மாட்டார். அரசு நிதி பெறும் மருத்துவமனைகள் இலவசமாக மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும் என்பது சட்டம். சிறு பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதற்கு அவசரநிலை தவிர அனுமதி இல்லை. சிகரெட்டை விட விரும்புபவர்களுக்கு கலிஃபோர்னியாவில் 1990களிலிருந்தே கொரிய மொழியில் தொலைபேசி ஆலோசனை கிடைக்கிறது.

மறுவாழ்வுப் பயிற்சிக்குப் போனா மொழி புரியலைன்னு நின்னுடறாங்க. வீட்டிலேயே ஏதாவது முடியுமா?

முடிந்தவரை பயிற்சியை நிறுத்த விடாதீர்கள், திணறலுக்கு அதைவிடப் பலன் தரும் மருந்து குறைவு. மிதமானது முதல் மிகத் தீவிரமான சிஓபிடி வரை, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 36 அமர்வுகளுக்கு உதவுகிறது. செய்துகாட்டினால் மொழி அவ்வளவு தடையில்லை. ஒரே நேரத்தில் இரண்டு கொரியர்களைச் சேர்த்துவிட்டால் இருவரும் முடிக்கும்வரை வருகிறார்கள்.

வீட்டில் என்றால் தினமும் நடை. குளிர்ச்சியான பேரங்காடிக்குள் நடக்கலாம். மூச்சு வாங்கினால் நிற்கலாம், அது தோல்வி இல்லை. பேச முடிகிற அளவு திணறல் வந்தால் சரி, அதுதான் பயிற்சி. சூடான ஜிம்ஜில்பாங் குளியலகத்தில் உட்காருவதை மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடருங்கள், அந்தச் சூடும் ஈரக்காற்றும் பலருக்குத் தாங்காது.

கடைசியா ஒரு தடவை கொரியா போகணும்னு ஆசைப்படறார். விமானத்துல போகலாமா?

பலரால் போக முடியும், முன்கூட்டித் திட்டமிட்டால். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து இன்ச்சியோனுக்குப் பதின்மூன்று மணி நேரம் போல ஆகும். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமமாக இறங்கலாம். தரையில் 92 சதவீதம் இருப்பவருக்கு அங்கே 80களுக்குப் போய்விடும். அந்த உயரத்தை உருவகப்படுத்திப் பார்க்கும் பரிசோதனை உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள்.

சொந்த சிலிண்டரை ஏற்ற மாட்டார்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும், அனுமதிக்கப்பட்ட கையடக்கக் கான்சன்ட்ரேட்டர் வேண்டும், பயண நேரத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு பேட்டரி கேட்பார்கள். மஞ்சள் தூசி வரும் வசந்தகாலத்தைத் தவிர்த்து இலையுதிர் காலத்தில் போகச் சொல்லுங்கள்.

எப்போ காத்திருக்கக் கூடாது?

ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாத திணறல், உதடு நீலம், வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம், புதிதாக நெஞ்சுவலி: உடனே 911. "கொரியன்" என்ற ஆங்கிலச் சொல்லை மட்டும் சொன்னாலும் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். சளி நிறம் மாறி அளவும் கூடினால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். 2025 ஜனவரிக் காட்டுத்தீ மாதிரி ஊரெல்லாம் புகை வரும் நாளில் ஜன்னலை அடைத்து உள்ளேயே இருப்பது நல்லது. கேஎஃப்94 என்ற கொரியத் தர முகக்கவசம் துகளை வடிகட்டும், ஆனால் அதுவே சிலருக்கு மூச்சடைப்பைக் கூட்டும்.

"நோய் முத்திடுச்சுன்னு அப்பாகிட்ட சொல்லாதீங்க"ன்னு பிள்ளைகள் கெஞ்சினா என்ன செய்வீங்க?

முதலில் பிள்ளைகளிடம் கோபப்பட மாட்டேன். அப்பாவின் மனம் உடைந்துவிடும் என்ற பயம் அது. ஆனால் பெரும்பாலும் அப்பாவுக்குத் தெரியும். நாலாவது கேள்வியில் சொன்னதுபோல், ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு வந்தவர் அவர்தானே. தெரியாத மாதிரி இரண்டு பக்கமும் நடித்துக்கொண்டிருப்பார்கள்.

நான் நேராகப் போட்டு உடைப்பதில்லை, பொய்யும் சொல்வதில்லை. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தாத்தாவிடம் மட்டும் கேட்கிறேன்: "உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்? உங்களிடம் பேசட்டுமா, மகனிடம் பேசட்டுமா?" மகனிடம் பேசச் சொன்னால் அதுவும் அவருடைய முடிவு, கோப்பில் எழுதிவைக்கிறோம். தன்னிடமே பேசச் சொன்னால், செயற்கை சுவாசம் வேண்டுமா என்பதை அவர் நன்றாகப் பேசும் நிலையில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில், மூச்சு முட்டும்போது, இரவு இரண்டு மணிக்கு அந்தக் கேள்வி மகள்மீது விழக் கூடாது. கொரியாவிலேயே 2018 பிப்ரவரியிலிருந்து உயிர்நீட்டிப்பு சிகிச்சை பற்றி முன்கூட்டியே எழுதிவைக்கச் சட்டம் இருக்கிறது. அதைச் சொல்லித் தொடங்கினால், அமெரிக்கர்களின் வழக்கத்தைத் தங்கள் மேல் திணிக்கிறார்கள் என்ற எண்ணம் குடும்பத்துக்கு வருவதில்லை. இப்படி முன்கூட்டியே எழுதிவைப்பதற்கான கலிஃபோர்னியா படிவத்தைக் கொரிய மொழியிலேயே கேட்டு வாங்கி, மகனும் மகளும் உடனிருக்கும் ஒரு நாளில் நிரப்புங்கள்.